பெரிய பெக்கேஜ் வாங்குமுன் ரவுட்டரில் வரிசையைச் சரிசெய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் ஒரே இணைய இணைப்பைப் பலர் பகிர்ந்து பாவிக்கும் இடங்கள் பெருகிவிட்டன. ஸூமில் உயர்தர வகுப்பு நடத்தும் கல்வி நிலையங்கள், வாசிகசாலைகள், பாசிக்குடா, அறுகம்பை விடுதிகள், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள போட்டோக்கொப்பிக் கடைகள் என்று எங்கே போனாலும் முறைப்பாடு ஒன்றுதான்: ஒருவர் போனிலிருந்து படங்களை ஏற்றத் தொடங்கினால் மற்ற எல்லோருக்கும் நெற் நின்றுவிடுகிறது. உடனே பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறார்கள். மாதாமாதம் கூடுதலாகக் காசு போகிறது, முறைப்பாடு மட்டும் குறைவதில்லை.

இந்தக் கோளாறு பெரும்பாலும் வேகம் போதாமல் வருவதில்லை. பொதிகள், அதாவது தரவு போகும் சிறு துண்டுகள், காத்துக் கிடக்கும் வரிசை மோடத்துக்குள் நீண்டுபோவதால் வருகிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் ரவுட்டர் ஒன்றில் பட்டையகலத்தை, அதாவது தரவு போகும் வேகத்தை, சரியாக மட்டுப்படுத்தினால் இதைத் தீர்க்கலாம். மென்பொருளுக்குச் செலவு இல்லை. ஆனால் எண்களைப் பிழையாகக் கொடுத்துவிட்டு, "லினக்ஸில் இது சரிவராது" என்று கைவிடுகிறவர்கள் எங்கள் பகுதியில் அதிகம். அந்த எண்கள் எங்கெங்கே பிழைக்கின்றன என்பதை எழுதவே இந்தக் கடிதம். கட்டளைச் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சிடும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடவேண்டும்.

முதலில் காரணம். தரவிறக்கம் 20 மெகாபிட், தரவேற்றம் 4 மெகாபிட் உள்ள இணைப்பை எடுத்துக்கொள்வோம். மோடத்துக்குள் 512 கிலோபைட் தாங்ககம் (பொதிகள் காத்திருக்கும் நினைவகம்) இருந்தால், அது நிரம்பியபின் கடைசியாக வந்த பொதி வெளியே போக ஒரு விநாடிக்கு மேல் ஆகும். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. படம் ஏற்றும் ஒரு போன் அந்த எல்லையைத் தனியாகவே உடைத்துவிடும். தரவிறக்கமும் இதில் அடிபடும். 20 மெகாபிட் வேகத்தில் இறங்கும் தரவுக்கு, பெற்றுக்கொண்டேன் என்ற சிறு பதில் பொதிகள் மட்டுமே ஏறக்குறைய 0.4 மெகாபிட் மேல்நோக்கிப் போகவேண்டும். அவை வரிசையில் சிக்கினால் இறங்கும் வேகமும் படுத்துவிடும்.

பழைய கல்லடிப் பாலத்தின் வாயில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றபின் அம்புலன்சை முன்னே விடமுடியாது. நெருக்கடியைச் சற்று முன்னதாகவே மறித்தால்தான் முடியும். ரவுட்டரும் இணைப்பின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக அனுப்பவேண்டும். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் எங்கள் கையில் இருக்கும் ரவுட்டரில் சேரும். 4 மெகாபிட் இணைப்புக்கு 4 என்றே போட்டால் வரிசை மோடத்திலேயே நிற்கும், செய்த வேலைக்குப் பலன் இராது. தரவேற்றத்தில் அளந்த வேகத்தின் 90 முதல் 95 வீதம், தரவிறக்கத்தில் 85 முதல் 90 வீதம் என்று தொடங்குங்கள். பத்து வீதத்தை ஏன் இழக்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பத்து வீதத்தைக் கொடுத்தால்தான் மீதி 90 வீதத்தையும் எல்லோரும் நிம்மதியாகப் பாவிக்கலாம்.

அளப்பது விளம்பரத் தாளைப் பார்த்து அல்ல. வைஃபையை விட்டுவிட்டு, வயரில் இணைத்த ஒரு கணினியில், காலையிலும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கும் அளந்து, குறைந்த எண்ணை எடுக்கவேண்டும். தொலைபேசிக் கம்பியில் வரும் வி.டி.எஸ்.எல் இணைப்பானால் மோடத்தின் அமைப்புப் பக்கத்திலேயே ஒத்திசைவு வேகம் தெரியும்; அதில் 65 பைட்டுக்கு 64 மட்டுமே தரவு என்பதால் 20 மெகாபிட் எனக் காட்டினால் கையில் கிடைப்பது 19.7. நான்காம் தலைமுறைச் சிம் இணைப்புகளில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அங்கே நிலையான ஓர் எண் நின்றுபிடிக்காது. பிங் தாமதத்தை (ஒரு சிறு பொதி போய்த் திரும்பும் நேரத்தை) பார்த்து எண்ணைத் தானே கூட்டிக் குறைக்கும் கேக்-ஆட்டோரேட் என்ற நிரல், ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி-யில் ஓடுகிறது, அதைப் பாவிக்கலாம்.

இனி அலகு. நாங்கள் கண்ட தவறுகளில் இதுதான் அதிகம். வேகத்தை மட்டுப்படுத்தும் லினக்ஸின் ரி.சி கட்டளையில் "எம்பிட்" என்றால் விநாடிக்கு மெகாபிட்; "எம்.பி.பி.எஸ்" என்றால் விநாடிக்கு மெகாபைட். வெளியே எல்லோரும் எம்.பி.பி.எஸ் என்று மெகாபிட்டைத்தான் சொல்கிறார்கள், ஆகவே கை தன்பாட்டில் அதையே தட்டும். 4 எம்.பி.பி.எஸ் என்று போட்டால் ரவுட்டர் 32 மெகாபிட் வரை விடும். 4 மெகாபிட் இணைப்பில் எந்தக் கட்டுப்பாடும் இராது, பிழைச் செய்தியும் வராது. அலகே போடாவிட்டால் விநாடிக்குப் பிட் என்று எடுத்துக்கொள்ளும். வேக அலகுகளில் கிலோ என்பது 1000. பர்ஸ்ட் (ஒரே மூச்சில் விடக்கூடிய அளவு) போன்றவற்றின் அளவு அலகுகளில் அதே கிலோ 1024 பைட்.

அடுத்தது, போட்ட எண்ணும் வேகப் பரிசோதனையில் வரும் எண்ணும் ஒத்துப்போவதில்லை என்ற குழப்பம். ஒத்துப்போகாமல் இருப்பதே சரி. ஈதர்நெட் அட்டையில் ரி.சி எண்ணுவது தலைப்பு உட்பட 1514 பைட் பொதியை. அதில் பாவனையாளரின் தரவு 1448 பைட். எனவே 20 எம்பிட் என்று போட்டால் பரிசோதனையில் 19.1 வந்தால் ரவுட்டர் துல்லியமாக வேலை செய்கிறது என்று பொருள். அதைக் குறை என்று நினைத்து 21 ஆக்குபவர்கள் வரிசையை மறுபடியும் மோடத்துக்கு அனுப்புகிறார்கள்.

இதோடு சேர்ந்தது மேற்சுமை. ரவுட்டர் பார்க்கும் பொதியைவிடக் கம்பியில் போகும் பொதி பெரியது. பழைய ஏ.டி.எஸ்.எல் கம்பிகளில் தரவு 53 பைட் கலங்களாகப் போகிறது, ஒவ்வொன்றிலும் 48 பைட்தான் சுமை. 40 பைட் பதில் பொதி ஒன்று, பி.பி.பி.ஓ.ஈ (இணைய நிறுவனத்தோடு இணைய உதவும் முறை) முதலிய உறைகள் 40 பைட் சேர்ந்து 80 ஆகி, இரண்டு கலங்களை நிரப்பி, கம்பியில் 106 பைட்டாகப் போகும். ரவுட்டர் 40 என்று கணக்கிட்டால் சிறு பொதிகள் நிறைந்த நேரத்தில் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். பெரிய கோப்பை ஏற்றிச் சோதித்தால் இது தெரியவராது. பலர் குரல் அழைப்பில் இருக்கும்போதுதான் உடையும். ஆகையால் மேற்சுமையை வெளிப்படையாகக் கொடுக்கவேண்டும். கேக் என்ற வரிசைமுறையில் (பொதிகளை வரிசைப்படுத்தி வேகத்தையும் மட்டுப்படுத்தும் லினக்ஸ் நிரல்) ஏ.டி.எஸ்.எல்லுக்கு "ஓவர்ஹெட் 40 ஏ.ரி.எம்", பி.பி.பி.ஓ.ஈ உள்ள வி.டி.எஸ்.எல்லுக்கு "ஓவர்ஹெட் 30 பி.ரி.எம்", இழையிணைப்புக்கு ஓவர்ஹெட் 44 என்று போடுவது பாதுகாப்பானது. இணைப்பு என்ன வகை என்றே தெரியாவிட்டால் "கொன்சர்வேற்றிவ்" என்ற சொல் 48 பைட்டும் ஏ.ரி.எம் கணக்கும் எடுத்துக்கொள்ளும். கூடப் போட்டால் சிறிது வேகம்தான் குறையும். குறையப் போட்டால் முழு ஏற்பாடும் வீண்.

வலையட்டையின் வேகமூட்டும் வசதிகள் (ஓஃப்லோட்) இன்னொரு பொறி. வேகத்துக்காக லினக்ஸ் பல பொதிகளை ஒட்டி 64 கிலோபைட் வரையான ஒரே கட்டியாகக் கையாளும், ரி.எஸ்.ஓ, ஜி.எஸ்.ஓ, ஜி.ஆர்.ஓ என்பவை இவை. 4 மெகாபிட்டில் அப்படி ஒரு கட்டி வெளியேற 131 மில்லிவிநாடி. தனியான ஒரு முழுப்பொதிக்கு 3 மில்லிவிநாடி போதும். கட்டி போய்முடியும்வரை குரல் பொதி காத்திருக்கவேண்டியதுதான். பட்டையகலத்தை வகுப்புகளாகப் பிரிக்கும் எச்.ரி.பி என்ற வரிசைமுறையைப் பாவிப்பவர்கள், வலையட்டையை அமைக்கும் ஈத்ரூல் கட்டளையின் பெரிய-கே தெரிவால் மூன்றையும் இரண்டு பக்க அட்டைகளிலும் நிறுத்தவேண்டும். உள்பக்க அட்டையில் ஜி.ஆர்.ஓ-வை விட்டுவிட்டால் அங்கேயே ஒட்டுப்பட்ட கட்டி அப்படியே வெளிப்பக்கம் வந்துவிடும். கேக் இந்தக் கட்டிகளைத் தானே பிரித்துவிடும். வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தும் ரி.பி.எவ் என்ற எளிய முறையைப் பாவிக்கிறவர்கள் பர்ஸ்ட் அளவைப் பொதியின் அளவைவிடக் குறைவாகப் போட்டால் பெரிய பொதிகள் போகவே மாட்டா. சிறு பிங் போகும், இணையப் பக்கம் திறக்காது. இதற்கு மோடத்தைக் குற்றம் சொல்லி மாற்றியும் இருக்கிறார்கள்.

சந்தையில் வாங்கும் ரவுட்டர்களில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி போட்டால், தீச்சுவர்ப் பக்கத்தில் வன்பொருள் வழிமாற்றம் என்றொரு தெரிவு இருக்கும். அதை நிறுத்துங்கள். அது இயங்கும்போது பொதிகள் வரிசைமுறையைத் தொடாமலே கடந்துபோகும். நிறுத்தியபின் முழுப் பாரமும் செயலியின்மேல் விழும். பழைய ஒற்றைக் கருச் செயலி ரவுட்டர் 20 மெகாபிட்டைத் தாங்கும், 100 மெகாபிட்டில் திணறும். செயலியின் பாரத்தைக் காட்டும் ரொப் கட்டளையில் எஸ்.ஐ.ஆர்.கியூ என்ற எண் நூறை நெருங்கினால், வேகம் குறைவதற்குக் காரணம் அமைப்பல்ல, செயலி. இரண்டு லான் கார்ட் பூட்டிய பழைய மேசைக்கணினி இந்த வேலையை இலகுவாகச் செய்யும், மின்கட்டணம் மட்டும் கூடும்.

தரவேற்றம் எங்கள் கையிலிருந்து போவது, நிறுத்தி அனுப்பலாம். தரவிறக்கம் கம்பியைக் கடந்து வந்துசேர்ந்த பிறகே ரவுட்டருக்குத் தெரிகிறது. அதை வெறும் பொலிசர் கொண்டு வெட்டினால், எல்லையைத் தாண்டிய பொதிகளைத் தூக்கி எறியும். பர்ஸ்ட் சிறிதாக இருந்தால் ரி.சி.பி இணைப்புகள் அடிபட்டு, போட்ட வேகத்தின் கிட்டவும் வராது. சரியான வழி ஐ.எவ்.பி என்ற போலி இடைமுகம் ஒன்றை உண்டாக்கி, வெளிப்பக்க அட்டையில் வரும் எல்லாவற்றையும் ரி.சி-யின் மிரெட் என்ற செயல் மூலம் அதற்குத் திருப்பி, அங்கே வரிசை அமைப்பது.

உள்பக்க அட்டையில் வெளியேறும் போக்குவரத்தை மட்டுப்படுத்தியும் செய்யலாம். ஆனால் வைஃபையும் வயரும் வேறு வேறு இடைமுகங்களாக இருந்தால் மொத்தம் பங்குபடாது. கண்காணிப்புக் கமரா, உள்ளகச் சேர்வர் போக்குவரத்தும் சேர்ந்து மட்டுப்பட்டுவிடும்.

ஐ.எவ்.பி-யில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே பொதி வரும்போது முகவரி மாற்றம் (ரவுட்டரின் வெளி முகவரியை உள்ளே இருக்கும் கருவியின் முகவரியாக்குவது) இன்னும் நடக்கவில்லை. எல்லாப் பொதியும் ரவுட்டரின் வெளி முகவரிக்கே வருவதாகத் தெரியும். 192.168-இல் தொடங்கும் முகவரிகளுக்கு வடிகட்டி எழுதினால் ஒன்றுகூடப் பொருந்தாது. வெளிப்பக்கம் போகும் திசையிலும் இதே கதை: மூல முகவரி ஏற்கனவே மாறிவிட்டிருக்கும். அந்தத் திசையில் தீச்சுவர்க் குறியிட்டுப் பிரிக்கலாம். உள்வரும் திசையில் அந்தக் குறி இன்னும் விழுந்திருக்காது, இணைப்புக் குறியிலிருந்து மீட்கவேண்டும். கேக்கில் "நாட்" என்று ஒரு சொல் சேர்த்தால் உள் முகவரியைத் தானே தேடிக்கொள்ளும். தரவேற்றப் பக்கம் "டுவல்-எஸ்.ஆர்.சி.ஹோஸ்ட்", தரவிறக்கப் பக்கம் "டுவல்-டி.எஸ்.ரி.ஹோஸ்ட்" என்பவற்றையும் சேருங்கள். இவை இல்லாவிட்டால் பங்கு இணைப்புக்கு ஒன்றாகப் போகும். முப்பது இணைப்பு திறந்து ரொரன்ட் இறக்கும் ஒருவருக்கு முப்பது பங்கு, ஸூமில் இருக்கும் மாணவிக்கு ஒன்று. இவை இருந்தால் ஆளுக்கு ஒரு பங்கு. வாசிகசாலைக்கும் விடுதிக்கும் இந்த இரண்டு சொற்களே வேலையின் பெரும்பகுதியை முடித்துவிடும்.

கேக் 2018-இல் வெளியான லினக்ஸின் 4.19 கருவிலிருந்து (கெர்னல் பதிப்பிலிருந்து) லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு முன்னைய வரிசைமுறையான எவ்.கியூ கோடெல் 2012-இல் 3.5 கருவில் வந்தது, ஆர்.எவ்.சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக 2018-இல் பதிவாகியிருக்கிறது. இந்த வேலைக்காக வருடக்கணக்கில் உழைத்த டேவ் தாட் 2025 ஏப்ரலில் காலமானார். உலகெங்கும் மெதுவான இணைப்பில் இருப்பவர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், எங்கள் கரையோர மக்களும்தான்.

அலுவலகத்துக்கு இவ்வளவு, வகுப்புக்கு இவ்வளவு என்று உறுதியாகப் பிரிக்கவேண்டிய இடங்களில்தான் எச்.ரி.பி தேவை. அதில் விழும் குழிகளைச் சொல்கிறோம். பிள்ளை வகுப்புகள் எல்லாம் ஒரே தாய் வகுப்பின் கீழ் இருக்கவேண்டும். வேரில் நேரே தொங்கவிட்டால் ஒன்றின் மிச்சத்தை மற்றது கடன் வாங்காது. பிள்ளைகளின் உறுதி வேகங்களின் கூட்டுத்தொகை தாயின் வேகத்தைத் தாண்டக் கூடாது. 18 எம்பிட் தாய்க்குக் கீழே 10-உம் 10-உம் கொடுத்தால் எச்.ரி.பி தடுக்காது, இருபதும் போகும், இணைப்பு நிரம்பும். 12-உம் 6-உம் கொடுத்து, இரண்டுக்கும் உச்ச எல்லை 18 என்று விடுங்கள். டிஃபோல்ட் வகுப்பைக் குறிப்பிட மறந்தால், எந்த வடிகட்டியிலும் அகப்படாத பொதிகள் எல்லாம் கட்டுப்பாடின்றி முழு வேகத்தில் போகும். புள்ளிவிபரத்தில் டிரெக்ட்-பக்கெற்ஸ் எண் ஏறிக்கொண்டே போனால் இதுதான் நடக்கிறது.

ஒவ்வொரு கடைசி வகுப்பின் கீழும் எவ்.கியூ கோடெலைக் கட்டாயம் பொருத்துங்கள். பொருத்தாவிட்டால் வெறும் வரிசை ஒன்று தானாக வரும், அதன் நீளம் இடைமுகத்தைப் பொறுத்தது. ஈதர்நெட்டில் 1000 பொதி. 2 மெகாபிட் வகுப்பில் அது நிரம்பினால் ஆறு விநாடித் தாமதம். ஐ.எவ்.பி-யில் 32 பொதி, பி.பி.பி இடைமுகத்தில் வெறும் 3. அங்கே தாமதத்துக்குப் பதில் பொதிகள் கொட்டிப்போகும். 1 மெகாபிட் போன்ற மெதுவான வகுப்பில் ஒரு பொதி போகவே 12 மில்லிவிநாடி ஆவதால், எவ்.கியூ கோடெலின் 5 மில்லிவிநாடி இலக்கை 15 ஆக உயர்த்தவேண்டும். குவாண்டம் (ஒரு வகுப்பு தன் முறையில் அனுப்பும் பைட் அளவு) பெரிது என்று லினக்ஸ் கரு எச்சரித்தால், வேகத்தை வகுக்கும் எண்ணான ஆர்.ரூ.கியூ 10 ஆக இருப்பதே காரணம்: 18 எம்பிட் என்பது விநாடிக்கு 22,50,000 பைட், பத்தால் வகுத்தால் 2,25,000, எல்லை 2,00,000. வகுப்புக்குக் குவாண்டம் 1514 என்று கையால் கொடுத்துவிட்டால் போதும்.

எல்லாம் போட்டபின் சரிபார்ப்பது இப்படி. ஒரு கணினியில் வெளியே பிங் ஓடவிட்டு, இன்னொன்றிலிருந்து பெரிய கோப்பை ஏற்றுங்கள். தாமதம் வெறும் நேரத்தைவிட 10, 20 மில்லிவிநாடிக்கு மேல் கூடாவிட்டால் சரி. கூடினால் எண்ணை ஐந்து வீதம் குறைத்து மறுபடி பாருங்கள். ரி.சி-யின் புள்ளிவிபரத்தில் ஓவர்லிமிற்ஸ் என்ற எண் ஏறவேண்டும். பாரம் இருக்கும்போதும் அது பூச்சியத்தில் நின்றால் போக்குவரத்து அந்த வரிசையைக் கடக்கவே இல்லை; பிழையான இடைமுகம், அல்லது வன்பொருள் வழிமாற்றம். வேகத்தைத் துல்லியமாக அளப்பதானால் ஐபெர்ஃப் 3 என்ற வேகம் அளக்கும் நிரலை வெளிப்பக்கத்தில் இணைத்த ஒரு கணினியோடு முப்பது விநாடிக்குக் குறையாமல் ஓட்டி, முதல் சில விநாடிகளைக் கழித்துவிடுங்கள். தொடக்கத்தில் பர்ஸ்ட் சேமிப்பு வெளியேறுவதால் எண் உயர்ந்து தெரியும். வயரில் சரியாகி வைஃபையில் மட்டும் குழப்பம் என்றால் அது அலைவரிசைப் பிரச்சினை, ரி.சி-யைத் தொடவேண்டாம்.

எங்கள் பகுதிக்கென்று இரண்டு விடயங்கள். ரி.சி-யில் போட்டவை ரவுட்டர் நின்றால் அழிந்துவிடும். மின் போய் வந்தபின், அல்லது பி.பி.பி இணைப்பு அறுந்து மீண்டபின், இடைமுகமே புதிதாகப் பிறக்கிறது. பழைய கட்டுப்பாடு அதில் இராது. எனவே கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, இணைப்பு எழும்போது ஓடும் ஐ.பி-அப் அடைவில் வையுங்கள். மற்றது, மாத அளவு முடிந்ததும் வேகம் குறைக்கப்படும் பெக்கேஜ்கள். அப்போது 18 எம்பிட் என்ற எண் இணைப்பைவிடப் பல மடங்கு பெரிதாகி, வரிசை மோடத்துக்கே திரும்பிவிடும். மாதக்கடைசியில் மட்டும் நெற் மோசம் என்ற முறைப்பாட்டில் வேகக் குறைப்போடு இதுவும் கலந்திருக்கிறது. குறைந்த வேகத்துக்கென இரண்டாவது கோப்பு ஒன்றை ஆயத்தமாக வைத்திருங்கள்.

வாசிகசாலைகளுக்கும் பாடசாலைக் கணினிக் கூடங்களுக்கும் ரவுட்டர் வாங்க விலைமனுக் கோரும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். "கேக் அல்லது எவ்.கியூ கோடெல் இயங்கவேண்டும், இணைப்பின் முழு வேகத்திலும் அதைத் தாங்கவேண்டும்" என்ற ஒரு வரியை விபரக்குறிப்பில் சேருங்கள். இணைய நிறுவனங்கள் தரவிறக்க வேகத்தோடு தரவேற்ற வேகத்தையும் விளம்பரத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிடவேண்டும்; அந்த எண் தெரியாமல் ஒருவராலும் ரவுட்டரைச் சரியாக அமைக்கமுடியாது. தங்கள் பத்திரிகை இதைப் பிரசுரித்தால், தொழில்நுட்பக் கல்லூரிகளில் வலையமைப்புப் பாடம் எடுப்போர் மேலேயுள்ள அளவீடுகளை மாணவர்களைக்கொண்டு செய்துபார்க்கலாம். இரண்டு பழைய கணினிகளும் மூன்று வயர்களும் போதும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்பாளர்கள் சிலர்,
கல்முனை, மட்டக்களப்பு.